ஹேண்டில்பாரில் குனிந்த அந்தோணியார்

திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்கு வந்து மரியசெல்வி வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு ஒரு மரியசெல்வியைக் காட்டுவார்கள். வண்டிக்கார செல்வி வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடும். ஐம்பதை எட்டப்போகிற பொம்பளை. சுடிதாருக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஒரு மூட்டையைக் கட்டி, ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒன்றாகக் கனத்த பைகளைத் தொங்கவிட்டு, கரூர் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் ஒருத்தி போனால் அது அவள்தான். ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டி. ஸ்கூட்டி என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர்களோடு பேசமாட்டாள்.

தொழில் துணி வியாபாரம். சின்னாளபட்டிக்குப் போய் நைட்டி, உள்பாவாடை, சுங்குடிச் சேலை என்று மொத்தமாக எடுத்து வருவாள். வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள் இருக்கின்றனவே, அங்கே வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் வாசலுக்கே கொண்டுபோய் விற்பாள். மில் பஸ்ஸில் வந்து மில் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்குக் கடைத்தெருவில் நின்று நிறம் பார்க்க எங்கே நேரம்? செல்வி அக்கா வண்டிச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடிவருவார்கள். எரியோடு, குஜிலியம்பாறை என்று சுற்றிக்கொண்டு திரும்பி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் நத்தம் ரோடு. இடுப்பு விட்டுப்போகிற ஓட்டம்தான். ஆனால் அது பாரம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வண்டி அவள் புருஷன் பாஸ்கல் வாங்கியது. பாஸ்கல் நூல் மில்லில் காலமெல்லாம் தறிகெட்ட சத்தத்துக்கு நடுவே நின்ற மனுஷன். காது முதலில் மந்தமாயிற்று. பிறகு தலைசுற்றல் வந்து சேர்ந்துகொண்டது. இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், நல்ல வண்டி சந்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. நிற்கிற வண்டியைப் பார்க்கப் பார்க்க மரியசெல்விக்கு ஆகவில்லை. அப்போது அவள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"என்னது, தோட்டிக்காரனா? யாரு வந்தா?"

"வண்டியை! ஓட்டுறேன்!"

சர்ச் மைதானத்தில்தான் பழகினாள். பாஸ்கல் பின்னாலேயே ஓடிக்கொண்டு "கிளட்ச்! கிளட்ச்சைப் பிடி!" என்று கத்துவார். அவள் "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்" என்று பதிலுக்குக் கத்துவாள். அது அவர் காதில் விழாது. மறுபடியும் கத்துவார். பூசைக்கு வந்த சனம் எல்லாம் நின்று சிரித்தது. சிரிக்கட்டுமே. ஒரு மாதத்துக்குள் சிரித்தவர்களே "செல்வி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைய விட்டுரேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

அவள் முதன்முதலில் தனியாக வேடசந்தூர் கிளம்பிய அன்று, பாஸ்கல் ஒரு வேலை செய்தார். கையில் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு நிற்கிற அந்தோணியாரின் வட்டச் சுரூபம் ஒன்று, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதை ஹேண்டில்பாரின் நடுக் குழாயில், ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி பசை வைத்து ஒட்டினார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். சாவியைத் திருகுவதற்கு முன்னால் அந்தோணியாரின் முகத்தைப் பார்த்து, "நீங்க என்னையப் பாத்துக்கங்க, நான் ரோட்டைப் பாத்துக்கிறேன்" என்பாள். வேலையைப் பங்கு போட்டாயிற்று. இனி இருவருக்கும் சண்டையில்லை.

போன மழைக்காலத்துக்கு அப்புறம்தான் சண்டை வந்தது.

தாடிக்கொம்பு தாண்டி ஈர ரோட்டில் வண்டி ஒருதரம் வழுக்கிப் படுத்தது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, வண்டிக்கு ஹேண்டில்பார் கோணல். ரோட்டோரப் பட்டறையில் நிமிர்த்திக்கொண்டு அன்றைக்கே வியாபாரத்துக்குப் போய்விட்டாள். அதை அவள் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

சில வாரம் கழித்து, வண்டியை விட்டு இறங்கினால் கை மதமதவென்று இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் யாருடையதோ மாதிரி. உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் ஆகவில்லை. தோள்பட்டை இரண்டும் காதை நோக்கி ஏறிக்கொண்டு வலித்தன. வாயு என்று நினைத்துப் பூண்டை நசுக்கித் தின்றாள். தைலம் தேய்த்தாள்.

ஒரு நாள் ஹாஸ்டல் வாசலில் நைட்டிகளைப் பிரித்துக் காட்டிவிட்டு ஊக்கு குத்தி மடித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நிலா என்கிற மில் பிள்ளை, "ஐயோ அக்கா, ரத்தம்!" என்றாள். மஞ்சள் நைட்டியில் செம்புள்ளி. ஊக்கு மரியசெல்வியின் சுண்டுவிரலில் ஏறி நிற்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. குத்தியதும் தெரியவில்லை, வலியும் இல்லை.

"என்னக்கா, வலிக்கலையா?"

"இதுக்கெல்லாமா வலிக்கும்? போடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளைப் பெற்ற செபஸ்தியம்மாளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பஞ்சம்பட்டியில் காட்டு வேலைக்குப் போய்வந்தவள் கால் விரலில் முள் ஏறி, அது ஏறினதே தெரியாமல் நடந்திருக்கிறாள். சுகர். முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மரத்துப்போவது என்றால் என்ன என்று மரியசெல்விக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கால் என்றால், எனக்குக் கை. கை போனால் வண்டி போச்சு. வண்டி போனால் மறுபடி தலையில் மூட்டை, அதுவும் எத்தனை நாளைக்கு? அவளுக்கு அன்றிலிருந்து இதே நினைப்பு.

பரிசோதனைக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போகமாட்டாள். இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் இருக்கிறது என்று ஆகிவிடுமே. அதனால் அவளே வைத்தியம் தொடங்கினாள். டீயில் சீனியை நிறுத்தினாள். சோற்றைப் பாதியாக்கினாள். வீட்டில் சமையல் பாஸ்கல்தான். மனுஷனுக்குக் கைமணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேமியாப் பாயாசம் வைத்தார். அவள் தொடவில்லை.

"ஏன், பாயாசத்துல என்ன குறை?"

"ஒண்ணுமில்ல, பசிக்கல."

"என்னது, ருசிக்கலையா?"

"பசிக்கல!"

"நேத்து வெஞ்சனமும் அப்பிடியே மிச்சம் வச்ச. எம்மேல கோவம்னா நேரா சொல்லு செல்வி. பாயாசத்து மேல காட்டாத."

அவரே மூன்று டம்ளரும் குடித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இது போதாதென்று அந்தோணியார் வேறு. ஒரு காலையில் வழக்கம்போலச் சாவியைத் திருகப் போனவள் பார்த்தால், அந்தோணியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பெட்ரோல் டேங்க் மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாளாக இப்படி? இவளும் அவசர அவசரமாக வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாளே தவிர, முகத்தைப் பார்த்து எத்தனை நாளோ. விரலால் துடைத்துப் பார்த்தாள். பசை விடவில்லை, அசையவில்லை, ஒட்டினபடியே கெட்டியாகத்தான் இருக்கிறார். ஆனாலும் குனிந்திருக்கிறார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. மகள் ரீனாவுக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்தால் உங்கள் மாரம்பாடிக் கோயில் திருவிழாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து நடந்தே வருகிறேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்தது. திருவிழாவும் வந்தது. போனாள். ஆனால் வண்டியில் போனாள். அவ்வளவு சனம் கூடுகிற இடத்துக்குச் சும்மா போவானேன் என்று ஒரு மூட்டை நைட்டியையும் கட்டிக்கொண்டு போனாள். நைட்டி எல்லாம் விற்றது. அந்தோணியார் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தாள். விட்டுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்.

"அதுக்காகக் கையையா எடுப்பீங்க?" என்று சுரூபத்தைப் பார்த்துக் கேட்டாள். "நடக்கச் சொன்னீங்கன்னா காலையில்ல பிடிக்கணும்?"

அவர் டேங்க் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே எரியோடு பக்கம் ஒரு வளைவில் செம்மறியாட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். விரல் போனது. ஆனால் லீவரைப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று விரல் சொல்லவில்லை. வண்டி ஒரு எம்பு எம்பி நின்றது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. ஆட்டுக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு, "ஏ ஆத்தா, கண்ணைத் தொறந்துதான் ஓட்டுறியா? வீட்டுல கெடக்க வேண்டியதுதானே!" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்திருக்கும். அன்றைக்கு மரியசெல்வி வண்டியை ஓரம் கட்டி, வேப்ப மரத்தடியில் செத்த நேரம் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் பாஸ்கல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. எனக்குச் சுகர் இருக்கும்போல."

"சுவரா? சுவருக்கு என்ன? போன வருசந்தானே வெள்ளையடிச்சோம்."

"சுவர் இல்லைங்க. சுகர்."

"எந்தப் பக்கத்துச் சுவரு?"

"சுகரு! சுகரு! எங்கம்மாவுக்கு வந்த சுகரு! கை மரத்துப்போச்சு எனக்கு!"

இத்தனை நாள் நெஞ்சுக்குள்ளே பூட்டி வைத்திருந்தது தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கலின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. செவிட்டு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவளால் ரகசியம் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அவளுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு ஷரீஃபா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"என்னக்கா இது? சுகரை யாராச்சும் மனசுல வச்சு டெஸ்ட் எடுப்பாங்களா? காலையில வெறும் வயித்தோட கிளம்புங்க. நான் கூட வாரேன்."

"வேணாம் ஷரீஃபா."

"வேணாம்னா நான் விட்டுருவேனா? உங்க சவுண்டு இப்ப பேகம்பூர் வரைக்கும் போயிருக்கும். இனி மறைக்க என்ன இருக்கு?"

மறுநாள் ரத்தம் எடுக்கிற இடத்தில் ஷரீஃபா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மரியசெல்வி கண்ணை மூடி, சேசுவே மாதாவே சூசையப்பரே என்று வரிசையாகக் கூப்பிட்டாள். அந்தோணியாரை மட்டும் கூப்பிடவில்லை. அவர்தான் பேசுவதில்லையே. முடிவு வந்தது. சுகர் இல்லை. இருக்கிறதற்கான அறிகுறிகூட இல்லை.

"நல்லாப் பாத்தீங்களா? வேற யாரு ரத்தமோ மாறியிருக்கும்" என்று மரியசெல்வி ரத்தம் எடுத்த பெண்ணோடு சண்டைக்குப் போனாள். ஷரீஃபாதான் இழுத்துக்கொண்டு வந்து, ஸ்டாலில் சீனி போட்ட டீ வாங்கிக் கொடுத்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம் சீனி! குடிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, சுகர் இல்லை. அப்படியானால் கை? அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா எந்தெந்த விரல், எப்போது என்று கேட்டார். விரல்களை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். "நரம்பு அழுந்துது. வண்டி ஓட்டுறதாலதான் இருக்கும். கொஞ்ச நாள் வண்டியத் தொடாதீங்க, பாப்போம்" என்றார்.

தொடவில்லை. பத்து நாளில் விரல் தன்னால் தெளிந்து வந்தது. அப்படியென்றால் நோய் வண்டிதான். சுகர் இல்லை என்ற சந்தோஷத்தை அப்படியே பாதியாக நறுக்கி எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பஸ்ஸில் மூட்டையோடு ஏறிப் பார்த்தாள். கண்டக்டர் முறைத்தார். மெயின் ரோட்டில் இறங்கினால் ஹாஸ்டலுக்கு வெயிலில் நடை. போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் அடுத்த ஷிப்டுக்குப் போயிருந்தார்கள்.

ரீனா போனில், "அம்மா, வண்டிய வித்துருங்கம்மா. வயசு ஆகுதுல்ல?" என்றாள்.

"வயசு உங்கப்பாவுக்கு ஆகுது. எனக்கு ஏன் ஆகுது?"

"கை போனா நைட்டி யாரு விப்பா? நான் மாசாமாசம் அனுப்புறேன். வீட்டுல இருங்க."

மகள் பிரியமாகத்தான் சொன்னாள். அதுதான் மரியசெல்விக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு, கடைசியில் பாஸ்கலிடம் விற்கச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாஸ்கலின் பழைய சிநேகிதர் சொல்லி, நத்தத்திலிருந்து மணிமாறன் என்பவன் வண்டி பார்க்க வந்தான். புளி வியாபாரி. தோப்புத் தோப்பாகச் சுற்றுகிறவன். அவனுடைய வண்டி ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல வாட்டசாட்டமான ஆள். வண்டியைச் சுற்றிவந்தான். டயரை அமுக்கினான். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டான்.

"வண்டிய நல்லா வச்சிருக்கீங்க அக்கா."

"பின்னே?" என்றாள் மரியசெல்வி வாசல்படியில் நின்றபடி.

அவன் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தான். பிடித்தவன் முகத்தைச் சுளித்தான். கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தான்.

"என்னக்கா இது? ஹேண்டில்பாரு மடியில வந்து உக்காருது?"

மரியசெல்விக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்க வருகிறவன் குறை சொல்லித்தான் விலையைக் குறைப்பான். அது அவளுக்குத் தெரியாதா? அவளே வியாபாரி.

"இந்தா தம்பி, வாங்குறதுன்னா வாங்கு. என் வண்டியப் பத்தி நொட்டை சொல்லாத."

"நொட்டை இல்லக்கா. நெசமாத்தான். இங்க பாருங்க, பிடி கீழ எறங்கிருச்சு. கிளட்ச் லீவரு வானத்தைப் பாத்து நிக்குது. இதைப் பிடிக்கணும்னா மணிக்கட்டைப் பின்னால மடக்கணும். உடம்பு பாரம் பூராம் உள்ளங்கையில இறங்கும். இதுல போயா வேடசந்தூரு போயிட்டு வந்தீங்க?"

"குஜிலியம்பாறை வரைக்கும் போனேன். போக முடியலைன்னு நான் சொன்னேனா?"

"கை மரக்குமே?"

அவள் படியிலிருந்து இறங்கினாள்.

"எந்த விரல் மரக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள், அவனைச் சோதிக்கிற மாதிரி.

"கடைசி ரெண்டும். எனக்கு ஒருக்கா வந்துச்சு. மூட்டைய முன்னால மாட்டி மாட்டி, பாரு சுத்திக்கிட்டுக் கீழ எறங்கியிருந்துச்சு. நீங்களும் ரெண்டு பக்கமும் பை மாட்டுறீங்களோ? இந்தா, பிடிமானத்துப் போல்ட்டு லூசு. என்னைக்காச்சும் வண்டி விழுந்துச்சா?"

தாடிக்கொம்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. பாஸ்கல், "என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹேண்டில்பாரு எறங்கிருச்சாம்!" என்று அவர் காதில் கத்தினாள்.

"எறங்கிருச்சா? நான் வாராவாரம் துடைச்சேனே!"

"துடைச்சீங்க. ஏறி உக்காந்தீங்களா?"

"டாக்டர்தானே உக்காரக் கூடாதுன்னாரு" என்றார் பாஸ்கல், பாவமாக.

மணிமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பானர் கேட்டான். பாஸ்கல் ஓடிப்போய் எடுத்துவந்தார். நடுக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற நாலு போல்ட்டையும் தளர்த்திவிட்டு மரியசெல்வியை ஏறி உட்காரச் சொன்னான்.

"நிமிந்து உக்காருங்க. தோளைத் தொங்க விடுங்க. கண்ணை மூடிக்கிட்டு, சும்மா ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. பிடிக்கணும்னு நெனைக்காதீங்க. கை எங்க வந்து நிக்குதோ நிக்கட்டும்."

"கண்ணை மூடச் சொல்லி வண்டியத் தூக்கிட்டுப் போயிராத."

"நீங்கதான்க்கா மேல உக்காந்திருக்கீங்க. உங்களையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஷரீஃபா மதில்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மரியசெல்வி கண்ணை மூடிக் கையை நீட்டினாள். மணிமாறன் ஹேண்டில்பாரை மெல்லச் சுழற்றி மேலே தூக்கி, பிடி இரண்டும் அவள் உள்ளங்கைக்கே வந்து சேர்கிற மாதிரி நிறுத்தினான். முழங்கை லேசாக மடங்கியிருந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. லீவரைத் தளர்த்தி, நீட்டின விரல் மேலேயே போய் விழுகிற மாதிரி இறக்கினான். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினான். பிறகு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டேங்க்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிள் இழுக்கிறதா என்று பார்த்தான். இடிக்கவில்லை, இழுக்கவில்லை.

"இப்பக் கண்ணைத் தொறங்க."

திறந்தாள். நேரே எதிரில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, குழந்தையைக் கையில் ஏந்தியபடி அந்தோணியார் நின்றார்.

"ஆத்தாடி!" என்றாள் மரியசெல்வி. "நிமிந்துட்டாரு!"

மணிமாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ்கலுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியது. அவர் ஒட்டின சுரூபமாயிற்றே. அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? கோபமும் இல்லை, தண்டனையும் இல்லை. பாவம், மனுஷர் பைகளின் பாரம் தாங்காமல் இத்தனை நாளும் குனிந்துகொண்டிருந்திருக்கிறார். ஹேண்டில்பார் சுழன்றபோது அவரும் கூடவே சுழன்றிருக்கிறார். அவர் குனிந்தபோதே அவள் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இம்புட்டுப் பூண்டு தின்றிருக்க வேண்டியதில்லை.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்றாள்.

"சந்து முனை வரைக்குந்தானே அக்கா?"

வண்டி சந்தைத் தாண்டி, ரோட்டில் ஏறி, தாடிக்கொம்பு வரைக்கும் போனது. மலைக்கோட்டைப் பாறை முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் தோள் காதுக்கு ஏறவில்லை. கிளட்ச் விரலுக்கு வசமாக, பழகின பிள்ளை மாதிரி வந்து நின்றது. கைமேல் பாரமே இல்லை. காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. அவளுக்கு ஹேண்டிலை விட்டுவிட்டுக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொள்வது அவளுடைய பங்கு அல்லவா?

திரும்பி வந்தபோது மணிமாறன் பாஸ்கல் கொடுத்த டீயைக் குடித்து முடித்து, வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"அக்கா. வண்டி எனக்கு இல்லைல்ல?"

"இல்ல தம்பி."

"நத்தத்துலருந்து வந்திருக்கேன் அக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய? நீதானே சரி பண்ணுன."

"எனக்கு இது தேவையா? வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போயி எங்க வீட்டுல வச்சுத் தூக்கியிருக்கலாம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தூக்கியிருக்கலாம். தூக்காம விட்ட பாரு, அதான் உன்னைய எனக்குப் பிடிச்சுப்போச்சு. உக்காரு. சாப்பிடாமப் போகக்கூடாது."

அன்றைக்குப் பாஸ்கல் வைத்தது சீரகச்சம்பா பிரியாணி. மணிமாறன் மறுக்க மறுக்க இரண்டாம் தரமும் வைத்தார்கள். கிளம்பும்போது அவன் வீட்டுக்காரிக்கென்று நல்ல சுங்குடிச் சேலை ஒன்றைக் கையில் திணித்தாள் மரியசெல்வி. படி இறங்கும்போது அவன், "பையெல்லாம் இனி பின்னாடி கட்டுங்க. ஹேண்டில்ல ஒண்ணும் மாட்டாதீங்க. அப்புறம், கோழிக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்காதீங்க, வண்டி எங்கேயும் ஓடிராது" என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். அவள் ஒருவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது அவர்கள் தெருவில் அதுதான் முதல் தடவை என்று ஷரீஃபா இன்றைக்கும் சொல்கிறாள்.

ரீனா போனில் கேட்டபோது, "வித்தாச்சும்மா" என்றாள் மரியசெல்வி. "எதை?" என்றாள் மகள், குரலில் சந்தேகம். "பயத்தை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பின் சீட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, பைகள் அங்கே போயின. மறுபடி வேடசந்தூர், எரியோடு, குஜிலியம்பாறை. ஓட்டம் அதே ஓட்டம்தான். இறங்கும்போது விரல் மட்டும் அவளுடைய விரலாகவே இருந்தது. நடுவில் வண்டியை நிறுத்திக் கையை உதறிக்கொள்கிற பழக்கமும் வந்தது. டாக்டர் அம்மா மறுபடி பார்த்துவிட்டு, அப்படியே போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நேர்த்திக்கடனை மட்டும் அவள் விட்டுவிடவில்லை. கோபம் இல்லை என்றாலும் கடன் கடன்தான். காலையில் சாவியைத் திருகும் முன்னால் சொல்லிவிட்டாள்: "வர்ற திருவிழாவுக்கு நடந்தே வாரேன். ஆனா திரும்பி வர்றது வண்டியில. அதையும் நடன்னு சொல்லாதீங்க. யாரையாவது விட்டு வண்டியை அங்க கொண்டாந்து நிறுத்திருவேன்." அந்தோணியார் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றுதான் அர்த்தம்.

அன்றைக்கு ஹாஸ்டல் வாசலில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். இது பெரிசு, அது சிறிசு, பச்சை இருக்கா, பாக்கெட் வச்சது இருக்கா என்று ஒரே இரைச்சல். பிரித்ததை எல்லாம் ஊக்கு குத்தி மடித்துக்கொண்டிருந்த மரியசெல்வி திடீரென்று, "ஆ!" என்று அலறிக் கையை உதறினாள்.

"என்னக்கா, குத்திருச்சா?" என்று தமிழ்நிலா பதறினாள்.

சுண்டுவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். மரியசெல்வி அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

"வலிக்குதுடி" என்றாள். "நல்லா வலிக்குது!"